வாழ்வோரும் வருவோரும்: மக்காப் பள்ளியின் வரலாற்றில் ஒரு வினா

சமயச் சடங்கு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் முற்போக்காளர் சிலரிடம் இன்றும் உண்டு. ஒரு சடங்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகப் பல கோடி மக்களைத் தம் ஊரையும் தொழிலையும் விட்டு நெடுந்தூரம் செல்ல வைத்திருக்குமானால், அதனை மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது ஆராய்ச்சியாகாது. அம்மக்கள் எதனைத் தேடிச் சென்றனர், அங்கு எதனைக் கண்டனர், அவர்கள் சென்ற வழியிலே சுங்கம் கேட்டு அமர்ந்திருந்தவர் யாவர் என்று வினவுவதே வரலாற்று மாணவர் கடன். மக்காவிலுள்ள புனிதப் பள்ளியாகிய மஸ்ஜிதுல் ஹராமைப் பற்றி இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்போம்.

தொழுகைக்குரிய இடம் உலகில் எங்கும் உண்டு என்பது இஸ்லாத்தின் கொள்கை. தூய நிலம் யாவும் தொழுமிடமே. அவ்வாறிருந்தும் மூன்று பள்ளிகளை நாடிப் பயணம் செய்வது மட்டும் தனிச் சிறப்புடையதாக நபிமொழி கூறுகின்றது. மக்காவின் புனிதப் பள்ளி, மதீனாவிலுள்ள நபிகளின் பள்ளி, ஜெருசலேமிலுள்ள அக்ஸாப் பள்ளி என்பன அவை. இவற்றுள்ளும் மக்காப் பள்ளியிலே தொழும் ஒரு தொழுகை பிறவிடத்துத் தொழும் நூறாயிரம் தொழுகைக்கு மேலானது என்பர். உலகெங்குமுள்ள முஸ்லிம்கள் நாள்தோறும் ஐந்து வேளை முகம் திருப்பும் கஃபா அப்பள்ளியின் நடுவில் இருக்கின்றது. தொலைவிலிருந்து வாழ்நாள் முழுவதும் நோக்கிய திசையின் முடிவிடத்தை ஒருமுறையேனும் கண்ணாற் காண்பது என்பதே அப்பயணத்தின் உள்ளுணர்வு. இன்னொன்றும் உண்டு. அங்கு செல்வோர், எல்லையை அடைந்தவுடன் தம் உடையைக் களைந்துவிடல் வேண்டும். ஆடவர் தைக்கப்படாத வெள்ளைத் துணி இரண்டினை உடுப்பர். இஹ்ராம் எனப்படும் அவ்வுடையில் அரசனுக்கும் ஆண்டிக்கும் வேறுபாடு தெரியாது. இறந்தவருக்கு இடும் கஃபன் துணியை ஒத்த அத்துணியோடு மறுமை நாளின் ஒத்திகையிலே நிற்பதாக உணர்கின்றோம் என்று பலர் எழுதியுள்ளனர்.

'பள்ளி' என்ற நம் சொல்லையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். சமணரும் பௌத்தரும் உறைந்த இடத்தைக் குறித்த அச்சொல், பின்னர் கல்விக்கூடத்தையும் முஸ்லிம்களின் தொழுமிடத்தையும் குறிக்கலாயிற்று. வருவோர் யாவருக்கும் கதவு திறந்திருக்கும் இடம் என்ற பொருள் அச்சொல்லுக்குள் எங்கோ தங்கிவிட்டது போலும்.

இஹ்ராம் உடையின் அருமையை உணர வேண்டுமாயின் அதற்கு முன்னிருந்த வழக்கத்தை அறிதல் வேண்டும். இஸ்லாத்திற்கு முன்பும் கஃபா அரபியரின் யாத்திரைத் தலமாக இருந்தது. பயிர் விளையாத மக்காப் பள்ளத்தாக்கிலே வாழ்ந்த குறைஷியருக்கு வணிகமும் யாத்திரையுமே பிழைப்பு. யாத்திரிகருக்கு உணவும் நீரும் வழங்கும் பொறுப்பினை அவர்களுடைய முன்னோர் ஏற்று நடத்தினர் என்பதையும் மறுக்கலாகாது. ஆயினும் காலப்போக்கில் அவர்கள் தம்மை 'ஹும்ஸ்' என்று அழைத்துக்கொண்டு, பிற கோத்திரத்தாரினின்று தம்மைப் பிரித்து உயர்த்தினர். ஏனைய யாத்திரிகர் அனைவரும் அரஃபாப் பெருவெளி வரை செல்ல, குறைஷியரோ புனித எல்லையைத் தாண்ட மறுத்து முஸ்தலிஃபாவிலேயே நின்றுவிடுவர். வெளியூரார் தாம் கொண்டுவந்த உணவைப் புனித எல்லைக்குள் உண்ணலாகாது என்றனர். தாம் அணிந்துவந்த உடையோடு கஃபாவைச் சுற்றலாகாது என்றனர். ஹும்ஸைச் சேர்ந்த ஒருவரிடம் உடையைப் பெற்று அணிதல் வேண்டும். கிடைக்காதவர் நிர்வாணமாகச் சுற்றுதல் வேண்டும்.

பாவம் செய்த உடையோடு இறைவனை அணுகுவதா என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் எதுவாயினும் விளைவு தெளிவானது. உணவும் உடையும் உள்ளூராரிடமிருந்தே வரல் வேண்டும் என்றாயிற்று. பக்தியின் பெயரால் ஏற்பட்ட விதி சந்தையின் விதியாகவும் இயங்கியது. உறவோ பொருளோ உள்ளவன் உடுத்துச் சுற்றினான்; இரண்டும் இல்லாதவன் நாணத்தை விட்டுச் சுற்றினான்.

கி.பி. 630ஆம் ஆண்டு நபிகள் நாயகம் அவர்கள் மக்காவைக் கைக்கொண்டார்கள். கஃபாவைச் சூழ இருந்த சிலைகள் அகற்றப்பட்டன. அதன் கூரைமீது ஏறிப் பாங்கு சொன்னவர் பிலால். அவர் மக்காவிலே அடிமையாக இருந்தவர், அபிசீனிய வழித்தோன்றல், முன்னைய எசமானனால் சுடுமணலிலே கிடத்தி வதைக்கப்பட்டவர். குறைஷிப் பிரமுகர் சிலர் அக்காட்சியைக் கண்டு மனம் புழுங்கினர் என்று பழைய வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். புழுங்காதிருந்தாற்றான் வியப்பு. மறு ஆண்டு, நிர்வாணமாகச் சுற்றும் வழக்கம் தடைசெய்யப்பட்டது. மக்கள் யாவரும் புறப்படும் இடத்திலிருந்தே நீங்களும் புறப்படுங்கள் என்ற கருத்துடைய குர்ஆன் கட்டளை, குறைஷியரையும் அரஃபாவுக்கு அழைத்தது.

எல்லாத் தனியுரிமைகளும் அன்றே ஒழிந்தன என்று நாம் மிகைப்படுத்தலாகாது. கஃபாவின் திறவுகோல் பழைய காவற்குடும்பத்திடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. இன்றுவரை அது அக்குடும்பத்தாரிடமே இருக்கின்றது. யாத்திரிகருக்கு நீர் வழங்கும் உரிமையும் அப்பாஸ் அவர்களிடமே விடப்பட்டது. பிறப்பினால் வந்த ஏனைய பெருமைகள் யாவும் காலின் கீழ் இடப்பட்டன என்று அறிவித்த அதே வேளையிலே இவ்விரண்டும் விலக்காக்கப்பட்டன. புரட்சி எதுவும் பழைய ஒழுங்கை ஒரே நாளில் துடைத்துவிடுவதில்லை.

புதிய ஒழுங்கின் நெஞ்சம் எதுவென்று வினவினால், குர்ஆனின் 22ஆம் அதிகாரத்து 25ஆம் வசனத்தையே நாம் காட்டுவோம். புனிதப் பள்ளி மனிதர் அனைவருக்கும் உரியதாக ஆக்கப்பட்டது என்றும், அங்கு வாழ்வோரும் வெளியிலிருந்து வருவோரும் அதிலே சமமானவர் என்றும் அவ்வசனத்தின் கருத்து. எளிய கருத்துத்தான். ஆனால் அதன் எல்லை எதுவரை என்று கேட்டவுடன் மக்கா நகரின் நிலவுடைமை முழுவதும் ஆட்டங்கண்டது. சமத்துவம் பள்ளியின் முற்றத்தோடு நின்றுவிடுகின்றதா? அல்லது வருவோன் இரவிலே தலைசாய்க்கும் வீடு வரை செல்கின்றதா?

இரண்டாம் கலீபா உமர் அவர்களின் காலத்துச் செய்திகள் இதில் மிகச் சுவையானவை. கஃபாவைச் சுற்றி அப்போது மதிலில்லை. வீடுகள் நெருக்கியடித்து நின்றன. கி.பி. 638 அளவில் உமர் அவ்வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து முற்றத்தை அகலமாக்கினார். விற்க மறுத்தவரின் வீடுகளையும் இடித்து, விலையைக் கஃபாவின் கருவூலத்திலே வைத்துவிட்டார். கஃபா உங்களிடம் வந்து குடியேறவில்லை, நீங்களே அதன் முற்றத்திலே வந்து குடியேறினீர்கள் என்ற பொருள்பட அவர் மறுமொழி கூறினாராம். மக்கா வீடுகளின் முற்றங்களுக்குக் கதவு வைக்கலாகாது என்றும் அவர் தடுத்திருந்தார். யாத்திரிகர் விரும்பிய இடத்தில் இறங்கித் தங்கவேண்டும் என்பதே நோக்கம். முதன்முதல் கதவு வைத்தவர் சுஹைல் இப்னு அம்ர் என்பர். உமர் அவரை அழைத்துக் கேட்டபொழுது, தாம் வணிகர் என்றும் தம் சவாரி விலங்குகளைக் காப்பதற்கே கதவு வைத்ததாகவும் அவர் விடையளித்தார். கலீபா விட்டுக்கொடுத்தார். ஒரு கதவு அவ்வாறு உள்ளே நுழைந்தது. வணிகரின் நியாயமான தேவை ஒன்றினை முன்னிட்டே தனியுடைமை முதலடி வைக்கின்றது என்பது கவனிக்கத்தக்கது.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட உமர் இப்னு அப்துல் அஸீஸ், மக்கா வீடுகளுக்கு வாடகை வாங்குவதைத் தடுத்து அந்நகரின் ஆளுநருக்கு எழுதினார் என்ற குறிப்பும் உண்டு. தடை எழுதவேண்டி வந்ததென்றால் வாடகை வாங்கப்பட்டது என்பது பெறப்படும்.

பின்வந்த சட்ட அறிஞர் இதில் இரு கூறாயினர். இமாம் அபூ ஹனீபா மக்காவின் நிலத்தை விற்பதையும் யாத்திரைக் காலத்தில் வாடகை பெறுவதையும் ஒப்பவில்லை. இமாம் ஷாஃபிஈ இரண்டும் ஆகும் என்றார். மக்காவிலே இமாம் ஷாஃபிஈக்கும் இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி என்ற அறிஞருக்கும் இதுபற்றி நடந்த வாதம் புகழ்பெற்றது. முஹாஜிர்கள் தம் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டனர் என்று குர்ஆனே கூறும்பொழுது அவ்வீடுகள் அவர்களுடையன அல்லவா என்று ஷாஃபிஈ கேட்டார். சிறைக்கூடம் அமைப்பதற்காக உமரே மக்காவில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கியதையும் எடுத்துக்காட்டினார். இஸ்ஹாக், முன்னைய தலைமுறை அறிஞரின் கூற்றுக்களைச் சான்றாகக் காட்டினார். வாதத்தில் வென்றவர் ஷாஃபிஈ என்பதே மரபு.

நம் நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் மூலவர் அவர். தந்தையை இழந்து, தாயின் அரவணைப்பில் மக்காவிலே வறுமையில் வளர்ந்தவர். ஆதலின் அவரை நிலவுடைமையாளரின் வழக்கறிஞர் என்று சொல்லிவிட நாம் துணியமாட்டோம். வாடகைக்கு விடும் ஓர் அறை அன்றி வேறு வருவாயற்ற கைம்பெண்ணும் அந்நகரில் இருந்திருப்பாள். சான்றுகளை வைத்து வாதிக்கும் முறையில் அவர் பெற்ற வெற்றியும் உண்மையானதே. எனினும் அவ்வெற்றியின் பின்னர், வசனத்தின் சமத்துவம் முற்றத்தின் எல்லைக்குள் நின்றுவிட்டது என்பதும் உண்மை. இவ்வினாவிலே எம் மனம் இஸ்ஹாக்கின் பக்கமே சாய்கின்றது.

வீட்டு வாடகை சிறிது, வழிச்செலவு பெரிது. 1183ஆம் ஆண்டு ஸ்பானிய நாட்டுக் கிரனடாவிலிருந்து புறப்பட்ட இப்னு ஜுபைர் எழுதிய பயண நூல், அவ்வழியின் கொடுமையைக் கண்முன் நிறுத்துகின்றது. அவர் நைல் நதி வழியே சென்று, பாலைவனத்தைக் கடந்து, செங்கடலின் மேற்குக் கரையிலிருந்த ஐதாப் துறைமுகத்தை அடைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அங்கு ஒவ்வொரு யாத்திரிகரிடமும் ஏழரை எகிப்திய தீனார் வரி வாங்கப்பட்டது. செலுத்த இயலாதவரை வதைத்தனர். அவ்வதையின் வகைகளை இங்கு விவரிக்க மனம் வரவில்லை. சுல்தான் ஸலாஹுத்தீன் அவ்வரியை நீக்கினார். ஆனால் நீக்கிய முறையைப் பாருங்கள். மக்காவின் அமீருக்கு ஏற்பட்ட நட்டத்திற்கு ஈடாகப் பணமும் தானியமும் அனுப்ப உடன்பட்டே நீக்கினார். யாத்திரிகரின் உரிமை நிலைநாட்டப்படவில்லை. அவருக்காக வேறொருவர் விலை கொடுத்தார். ஆதலாற்றான் இப்னு ஜுபைர் ஜித்தாவில் இறங்கியபொழுது ஈட்டுத்தொகை வந்துசேரவில்லை என்று கூறி, யாத்திரிகர் ஒருவருக்கொருவர் பிணை நிற்கவேண்டுமென அமீர் முக்திர் கட்டளையிட முடிந்தது. இறைவனின் வீட்டுக்கு வந்தவர் சுல்தானின் கடனுக்குப் பிணையாயினர்.

ஐதாபின் படகுகளைப் பற்றியும் அவர் எழுதுகின்றார். இந்தியாவிலிருந்தும் யெமனிலிருந்தும் வந்த மரத்தால் ஆனவை. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. நம் கடற்கரைகளுக்குப் பழக்கமான தொழில்நுட்பமே. படகுக்காரர் யாத்திரிகரை ஒருவர்மேல் ஒருவராக அடைத்து ஏற்றினர். ஒரே பயணத்தில் படகின் விலையைத் தேடிக்கொண்டால் போதும், பின்னர் கடல் என்ன செய்தாலும் கவலையில்லை என்பது அவர்களது கணக்கு. இவையெல்லாம் பட்டு மக்காவை அடைந்த அம்மனிதரே, கஃபாவை முதன்முதற் கண்ட இரவைப் பற்றி உள்ளம் உருகி எழுதினார். வழியிலே கண்ட கொடுமை அவருடைய பக்தியைக் குறைக்கவில்லை. பக்தி அக்கொடுமையை அவர் கண்ணிலிருந்து மறைக்கவுமில்லை. இவ்விரண்டும் ஒருவரிடம் ஒருங்கிருக்கக் கூடும் என்பதை நம்மவர் சிலர் ஏற்க மறுக்கின்றனர்.

அக்காலத்தை அடுத்து வாழ்ந்த பாரசீகக் கவிஞர் அத்தார், இறைநேசர் வரலாறுகளைத் தொகுத்த தம் நூலில் ஒரு கதை சொல்கிறார். அப்துல்லாஹ் இப்னு முபாரக் என்ற பெரியார் ஹஜ் முடித்து மக்காவில் உறங்கும்பொழுது கனவொன்று கண்டார். அவ்வாண்டு வந்த ஆறு இலட்சம் பேரின் ஹஜ்ஜும் ஏற்கப்படவில்லை என்றும், திமிஷ்கிலுள்ள செருப்புத் தைப்பவர் ஒருவர் வராமலே ஹஜ் செய்தவரானார் என்றும், அவர் பொருட்டு ஏனையோரும் மன்னிக்கப்பட்டனர் என்றும் வானவர் இருவர் பேசிக்கொண்டனர். பெரியார் அவரைத் தேடிச் சென்று விசாரித்தார். பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு ஹஜ்ஜுக்குப் புறப்படவிருந்த அத்தொழிலாளியின் கருவுற்ற மனைவிக்கு அயல்வீட்டுச் சமையலின் மணம் எட்டியது. சிறிது கேட்டுவரச் சென்றார் அவர். பல நாள் பட்டினி கிடந்த பிள்ளைகளுக்காகச் செத்த கழுதையின் இறைச்சியை வேகவைக்கின்றேன், இஃது உங்களுக்கு ஆகுமான உணவன்று என்று அவ்வீட்டார் கூறினர். சேர்த்த பணம் முழுவதையும் அவர் அவர்களிடம் கொடுத்துவிட்டார். இது வரலாறன்று, கதை. எனினும் வழிச்செலவு தேட முடியாத உழைப்பாளிகள் புனிதப் பள்ளியைத் தம் மனத்திலே எங்கு வைத்திருந்தனர் என்பதற்கு இக்கதை நல்ல சான்று.

நீராவிக் கப்பலும் 1869இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாயும் யாத்திரையைப் பெருவணிகமாக்கின. 1865இல் மக்காவிலே பரவிய கொள்ளைநோய் ஐரோப்பாவை எட்டியதும் வல்லரசுகள் விழித்தெழுந்து மறு ஆண்டே கொன்ஸ்தாந்திநோபிளில் மாநாடு கூட்டின. யாத்திரிகர் இறந்ததற்காக அன்று. நோய் தம் துறைமுகங்களுக்கு வந்ததற்காக. பின்னர் செங்கடலின் கமரான் தீவிலே யாத்திரிகரை நாட்கணக்காகத் தடுத்துவைத்தனர்.

1880ஆம் ஆண்டு 'ஜித்தா' என்ற கப்பல், மலாய்ப் பகுதிகளைச் சேர்ந்த ஏறக்குறைய ஆயிரம் யாத்திரிகரோடு சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியே புறப்பட்டது. புயலில் நீர் புகுந்தது. யாத்திரிகர் இரவுபகலாக நீர் இறைத்துக்கொண்டிருக்க, ஐரோப்பியத் தலைவனும் அதிகாரிகளும் படகில் ஏறித் தப்பினர். வேறொரு கப்பல் அவர்களை ஏடனிற் சேர்த்தது. கப்பல் மூழ்கிவிட்டது, பயணிகள் மாண்டனர் என்று அவர்கள் அறிவித்தனர். அடுத்த நாளே அக்கப்பல், யாத்திரிகரோடு, இன்னொரு கப்பலால் இழுத்து வரப்பட்டு ஏடனுக்கு வந்துசேர்ந்தது. தலைவனுக்குக் கிடைத்த தண்டனை அவனது தொழிற் பத்திரம் மூன்றாண்டு நிறுத்திவைக்கப்பட்டமைதான். ஜோசப் கொன்ராட் எழுதி 1900இல் வெளிவந்த 'லோர்ட் ஜிம்' நாவலுக்குக் கரு இதுவே. அந்நாவல் தப்பியோடிய வெள்ளை அதிகாரியின் மனச்சாட்சியைப் பல நூறு பக்கங்களில் ஆராய்கின்றது. நீர் இறைத்த ஆயிரம் பேரில் ஒருவருடைய மனமும் அதிலே ஆராயப்படவில்லை.

வெள்ளையரை மட்டும் குறைகூறித் தப்பிவிடவும் இயலாது. அக்கப்பலின் உரிமையாளர் சிங்கப்பூரில் வாழ்ந்த செல்வமிக்க அரபு வணிகக் குடும்பத்தினர். பயணச் செலவைக் கடனாகப் பெற்ற யாவாத்தீவு யாத்திரிகர் பலர், அக்கடனைத் தீர்ப்பதற்காக மலாயாத் தோட்டங்களிலே ஒப்பந்தக் கூலிகளாயினர். நம் மலையகத்திலே 1921 வரை நிலவிய துண்டு முறையை அறிந்தவருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மக்காவிலே இஹ்ராம் உடையிலே சமமாக நின்றவர், திரும்பும் வழியிலே ஒருவர் முதலாளியாகவும் மற்றவர் கூலியாகவும் பிரிந்தனர். பிலால் பாங்கு சொன்ன அந்நகரிலேயே அடிமைச் சந்தையும் நெடுங்காலம் நடந்தது. சவூதி அரேபியாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1962இல்தான்.

இருந்தும் அச்சமத்துவ அனுபவம் வெறும் தோற்றமன்று. 1964இல் மக்காவுக்குச் சென்ற அமெரிக்கக் கறுப்பின மக்கள் தலைவர் மல்கம் எக்ஸ், எல்லா நிறத்தவரோடும் ஒரே கலத்தில் உண்டு ஒரே நிலத்தில் உறங்கியபின், வெள்ளையர் பிறவியிலேயே தீயவர் என்ற தம் பழைய கொள்கையைக் கைவிட்டார். இனவெறிக்கு எதிரான அவரது போராட்டம் அதனால் தளரவில்லை; மேலும் விரிந்தது. ஒரு சடங்கு ஒரு மனிதரின் அரசியலையே மாற்றியது என்றால், அதனுள் வலிமையொன்று உண்டென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1924இல் மக்கா சவூதிக் குடும்பத்தின் ஆட்சிக்குள் வந்தது. எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட 1938க்கு முன் யாத்திரிகரின் வரியே அவ்வரசின் முதன்மையான வருவாய். எண்ணெய்ப் பணம் பெருகியபின் 1952இல் அவ்வரி நீக்கப்பட்டது. பள்ளி பல மடங்கு விரிவாக்கப்பட்டது. இடநெருக்கடி உண்மையானது, ஆதலின் விரிவாக்கம் அனைத்தையும் பழிப்பது நேர்மையன்று. ஆனால் பள்ளியைச் சூழ்ந்த நிலத்திற்கு நேர்ந்ததே வேறு. 2002இல், துருக்கியின் கண்டனத்தையும் பொருட்படுத்தாது, உதுமானியர் காலத்து அஜ்யாத் கோட்டை அது நின்ற குன்றோடு தகர்க்கப்பட்டது. அவ்விடத்தில் 601 மீற்றர் உயரமான மணிக்கூண்டுக் கோபுரமும் அதனைச் சூழ விடுதிகளும் கடைத்தொகுதிகளும் எழுந்தன. வக்ஃபு என்னும் அறக்கொடையின் பெயராலேயே அத்திட்டம் நிறைவேறியது. கஃபாவைச் சாளரத்தின் வழியே காணக்கூடிய அறைக்கும் காணவியலாத அறைக்கும் வெவ்வேறு கட்டணம். சுஹைல் வைத்த கதவு இவ்வளவு உயரமாகும் என்று கலீபா உமர் எண்ணியிருக்கமாட்டார்.

2024ஆம் ஆண்டு ஹஜ் சூன் மாதத்தில் வந்தது. புனிதப் பள்ளியில் வெப்பம் 51.8 பாகை செல்சியசை எட்டியது. 1,301 பேர் இறந்தனர் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதிப் பத்திரம் இல்லாதவர். அனுமதி பெற்ற யாத்திரைக்கான கட்டணத்தைச் செலுத்த இயலாமையால், வருகைக்கான வேறு வகை விசாவிலே மக்காவை அடைந்த ஏழைகள் பலர் அவர்களில் இருந்தனர். அனுமதி பெற்றவருக்குப் பேருந்தும் குளிரூட்டிய கூடாரமும் இருந்தன. மற்றவர் நிழலின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தனர். இறந்தவரிற் பெருந்தொகையினர் எகிப்தியர். இப்னு ஜுபைர் கடந்துவந்த அதே நாட்டவர். அவர்களை அனுப்பிவைத்த 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை எகிப்திய அரசு பின்னர் இரத்துச் செய்தது.